ஒற்றைக்கைக் கும்பிடு: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

கைபேசியால் கண் கெட்டது, உறக்கம் கெட்டது, கழுத்து கெட்டது என்று மருத்துவர்களும், பிள்ளைகளின் படிப்பு கெட்டது என்று பெற்றோரும் வேண்டிய மட்டும் எழுதியும் புலம்பியும் தீர்த்துவிட்ட நிலையில், அதனால் கெட்டுப்போன இன்னொன்றாகிய கும்பிடு மட்டும் கேட்பாரற்றுக் கிடப்பது புலமையுலகுக்கு ஒரு குறையே ஆகும். கும்பிடு என்பது இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி மார்புக்கோ நெற்றிக்கோ உச்சிக்கோ நேராக நிறுத்தும் உடற்செயல். அதற்கு வேண்டிய கருவிகள் இரண்டு கைகள் மட்டுமே. அவற்றுள் ஒன்று கைபேசியைப் பற்றியிருக்க, எஞ்சிய ஒன்றைக் கொண்டு இறைவனை வணங்கிவிட முற்படும் நிலையே இக்கட்டுரையில் ‘ஒற்றைக்கைக் கும்பிடு’ எனப்படுகிறது.

ஆய்வுக் களமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காலவியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதாகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டதும் அதே 1995ஆம் ஆண்டில்தான். பின்னர் 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்த வரலாறு, கிடைத்து அறுந்து மீண்டும் கிடைக்கும் இணைப்பின் இயல்பை நிருவாகமே கடைப்பிடித்ததற்குச் சான்று எனக் கொள்ள இடமுண்டு. கொள்ளாதவர்களோடு இவ்வாய்வுக்கு வழக்கு இல்லை.

இருகைக் கும்பிட்டின் செவ்வியல் வடிவம் எது என்பதை நிறுவ நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலில், வடக்கு வாயிற்படியை ஒட்டி, சிவபெருமான் தம் கையாலேயே சண்டேசரின் தலையில் கொன்றைமாலை சூட்டும் புகழ்பெற்ற சிற்பம் உள்ளது. அதில் சண்டேசர் தலை தாழ்த்தி, இரு கைகளையும் கூப்பி அமர்ந்திருக்கிறார். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டிக்கொண்டிருந்தபோது, இடையில் வந்து பால்குடத்தை உதைத்த தந்தையின் காலையே துணித்தவர் இவர் என்பது பெரியபுராணச் செய்தி. இந்த வரலாற்றை அறிந்தவர்கள், வழிபாட்டின் நடுவே தொந்தரவு செய்வோரிடம் சைவ மரபு எவ்வளவு பொறுமை காட்டியது என்பதை உணர்ந்து, தம் கைபேசியின் ஒலியை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது நல்லது.

சண்டிகேசுவரர் என்றும் அழைக்கப்படும் இச்சண்டேசரின் சன்னிதியில் இரு கைகளையும் மெல்லத் தட்டிக் காட்டி, சிவன் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று தெரிவித்து வருவது நெடுநாள் வழக்கம். இங்கேதான் ஒற்றைக்கையரின் நெருக்கடி முற்றுகிறது. ஒரு கையால் தட்ட இயலாது என்பது ஒருபுறமிருக்க, மறு கையில் கோபுரம், கொடிமரம், நந்தி, தடையை மீறிக் கருவறை வரை அனைத்தும் படங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும்போது, ‘எதையும் எடுத்துச் செல்லவில்லை’ என்னும் வாக்குமூலம் பொய்ச்சாட்சியாகிவிடும் அன்றோ? இது குறித்துச் சண்டிகேசுவரர் இதுவரை கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை. அவர் ஓயாத தியானத்தில் இருப்பவர் என்பது மரபு.

இரு கைகளையும் ஒருசேரக் கேட்கும் வேலைகளில் இவ்வட்டார மக்கள் கைபேசியோடு எப்படி உடன்படிக்கை செய்துகொண்டுள்ளனர் என்பதையும் நோக்க வேண்டும். சின்ன வெங்காயச் சாகுபடியில் பெரம்பலூர் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று. களத்தில் அமர்ந்து வெங்காயத் தாள் அறுக்கும் பெண்களுக்கு ஒரு கையில் வெங்காயம், மறு கையில் கத்தி என்பதால், பாட்டோ நாடகமோ ஓடும் கைபேசி பட்டறையில் (வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் அடைப்பே பட்டறை எனப்படும்) சாய்த்து வைக்கப்படுகிறது. ஆக, கைபேசியைக் கீழே வைக்கும் கலையை மக்கள் அறியாதவர் அல்லர். வெங்காயத்துக்குக் கிடைத்த இரண்டு கைகள் விநாயகருக்குக் கிடைக்காமல் போனது திறமைக் குறைவால் அன்று என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. வெங்காயத்துக்குக் கூலி உண்டு என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை நிறுவித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், 1732இல் தாம் தொகுத்த அகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சதுரகராதி என்று பெயரிட்டார். அவ்வட்டாரப் பொருளை ஆராய்வோர் அவர் எண்ணை மீறலாகாது என்பதால், ஒற்றைக்கைக் கும்பிடும் இங்கே நான்காகப் பகுக்கப்படுகிறது. முதலாவது ஒருகன்னம். இடக்கை கைபேசியில் இருக்க வலக்கை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வதால், செய்த பிழைகளுள் பாதிக்கே மன்னிப்பு கிடைக்கும் வகை இது; இவ்வகையினர் பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தில் ஒரு காது தண்டனையிலிருந்து முற்றாகத் தப்பிவிடுகிறது. இரண்டாவது இடைச்செருகல். இதில் உள்ளங்கைகள் இரண்டும் முறையாகக் கூடினாலும் அவற்றுக்கு நடுவே கைபேசி சிக்கியிருப்பதால், வணக்கம் எதிரே நிற்கும் மூர்த்திக்கா, நடுவே இருக்கும் பொருளுக்கா என்ற ஐயம் எழுகிறது. பழைய சுவடிகளில் இடையே புகுந்த பாடல்களைக் களைவதில் வல்ல பதிப்பாசிரியர்கள் இதற்குத் தீர்ப்புச் சொல்லட்டும்.

மூன்றாவதாகிய உச்சித்தூக்கு தீபாராதனை நேரத்துக்கு உரியது. திரை விலகியதும் இரு கைகளும் தலைக்கு மேல் உயர்வதால், தொலைவில் நிற்பவர் இதனைப் பழைய அடியார்களின் உச்சிமேற் கைகூப்பு என்றே மயங்குவார். அருகில் சென்றால்தான் காணொளிப் பதிவு நடைபெறுவது தெரியும். பின்வரிசையில் நிற்கும் குள்ளமானவர்கள் முன்னவர்களின் திரைகளில் சுடரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால், இவ்வகையால் பிறருக்குச் சிறிது புண்ணியமும் விளைகிறது.

நான்காவது புறங்காட்டு. சாமிக்கு முதுகைக் காட்டி நின்று, கோபுரத்தைப் பின்னணியாக்கித் தம்மைத் தாமே படமெடுக்கும் இவ்வகையை விளக்க மீண்டும் வீரமாமுனிவரே துணை வருகிறார். அவரது பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எண்ணியதால், ஒருவரை ஆறு கொண்டுபோயிற்றென்று அழுதார்கள். இன்றைய செல்ஃபியாளர் மற்ற அனைவரையும் விட்டுவிட்டுத் தம்மை மட்டும் எண்ணுகிறார், ஆயினும் அழுவதில்லை. இரண்டில் எது பெரிய மடமை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை: மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனும் ஆகிய அச்சீடர்கள் குருவின் உயிர் பற்றியாவது கவலைப்பட்டார்கள்.

இந்நான்கிலும் அடங்காத ஒரு நிகழ்வு உண்டு. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் மகனுக்கு, ஊர்க் கோயில் பூசையை ஒரு தாய் காணொளி அழைப்பில் காட்டுகிறார். அவருடைய ஒரு கை அழைப்பில் இருக்கிறது, மறு கை நெஞ்சில் இருக்கிறது. அங்கே மகனோ தன் கைபேசியை எதன்மீதோ சாய்த்து வைத்துவிட்டு இரு கைகளையும் கூப்புகிறான். இருவருக்குமாக மூன்று கைகள் தேறுகின்றன. எந்த விதிப்படி பார்த்தாலும் இது குறையுடைய வழிபாடே ஆயினும், இதனைக் குற்றமாகக் கொள்ள இவ்வாய்வு மறுக்கிறது. கோயிலுக்கு அப்பால் நோக்கினால், இவ்வட்டாரத்து லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களின் பள்ளிவாசல் தொழுகையில், நிலை, குனிவு, சிரவணக்கம் என ஒவ்வொரு கட்டத்திலும் இரு கைகளுக்கும் இடம் வகுக்கப்பட்டிருப்பதால் ஒற்றைக்கைச் சிக்கலே எழுவதில்லை. அங்கே தொல்லை சட்டைப்பையிலிருந்து எழும் ஒலி மட்டுமே.

சட்ட நிலையைப் பொறுத்தவரை, திருச்செந்தூர் முருகன் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பர் 2 அன்று, தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைபேசிக்குத் தடை விதிக்க இந்து சமய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கோயிலின் தூய்மையும் புனிதமும் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெருங்கோயில்களில் கைபேசி வைப்பிடங்கள் தோன்றின. ஆனால் கைபேசியை ஒப்படைத்தவர் கையில் டோக்கன் ஒன்று தரப்படுவதையும், அது தொலைந்தால் நேரவிருப்பதை எண்ணி அவர் அதனை இறுகப் பற்றியபடியே கும்பிடுவதையும் சட்டம் முன்னறியவில்லை. மேலும், இல்லாத கைபேசி இடுப்பருகே அதிர்வதாக உணரும் ‘மாய அதிர்வு’ என்றொரு நிலை உண்டு. அமெரிக்காவில் 290 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில் 89 விழுக்காட்டினர் பொய்யான அதிர்வை உணர்ந்ததாகக் கூறினர். இல்லாத ஒன்றின் இருப்பை மெய்யெல்லாம் உணர்வது முன்னாளில் ஞானியருக்கே வாய்த்த நிலை என்பதை எண்ணினால், ஆன்மிகம் தேய்ந்துவிட்டது என்னும் புலம்பலை மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. பணிவும் குறையவில்லை. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது ஏறும் சுமை ஏறத்தாழ 27 கிலோ என்று 2014இல் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டுக் காட்டினார். நாள்முழுதும் இத்தனை எடையுள்ள பணிவைச் சுமந்த தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை.

தடையாணையும் டோக்கனும் இன்றியே இச்சிக்கலைத் தீர்த்த கோயில் ஒன்று பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய சிறுவாச்சூரில் உள்ளது. அங்குள்ள மதுரகாளியம்மனுக்கு மாவிளக்கு இடுவோர், அரிசியைக் கோயிலிலேயே உலக்கையால் இடித்து மாவாக்குவது வழக்கம். ஒரு கையில் உலக்கை, மறு கையில் கைபேசி என்னும் முயற்சியின் விளைவு அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நேர்ச்சை என்றால் வியர்க்க வேண்டும் என்று வகுத்த முன்னோர், கைபேசி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதற்கான மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு. பெருங்கோயில்கள் வைப்பிடங்களைப் பெருக்குவதை விட உரல்களைப் பெருக்குவது சிக்கனமானது.

அவ்வம்மனைக் காணச் செல்ல விரும்புவோர் நாளறிந்து புறப்பட வேண்டும். சிறப்பு நாள்கள் நீங்கலாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும். மற்ற ஐந்து நாள்களிலும் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக நம்பிக்கை, அப்போது எந்த அழைப்பும் ஏற்கப்படுவதில்லை.