தோட்டா எண்ணுத பேராண்டிக்கு

ஏல பேராண்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பு முன்னால என்னல பண்ணுத? கௌபாய் படமா? பாரு, நல்லாப் பாரு. ஆனா நிறுத்தி நிறுத்திப் பாத்து நோட்டுல குறிச்சிக்கிட்டு, "தாத்தா, ஆறு குண்டு துப்பாக்கியில பத்தாவது தரம் சுட்டுட்டான்"ன்னு தூங்குதவன எழுப்புதியே, நல்லாவால இருக்கு? "குண்டு தீந்துபோச்சு, செத்த பொறுங்க"ன்னு எந்தக் கதாநாயகன்ல சொல்லுவான்?

சரி, தூக்கந்தான் போச்சு. உக்காரு, சொல்லுதேன்.

'ஸ்டேஜ்கோச்' பாத்தியா? ஜான் ஃபோர்டு 1939ல எடுத்தது. கதை நடக்குதது 1880ல. ஜான் வெய்ன் ஒரு கையில சேணத்தத் தூக்கிக்கிட்டு, மறு கையில நீட்டுத் துப்பாக்கியச் சொழட்டிக்கிட்டு வந்து நிப்பான்லா, அது வின்செஸ்டர் 1892 மாடலு. பன்னெண்டு வருசம் கழிச்சு வரப்போற துப்பாக்கிய எந்தக் கடையில வாங்குனானோ! அந்தப் படத்துலயே அப்பாச்சிக்காரன் அத்தன பேரு கோச்சு வண்டியத் தொரத்துதான், சுடுதான், சாவுதான். பூட்டுன குதிரையில ஒண்ணச் சுட்டா வண்டி நின்னு போவும்லா? இத ஃபோர்டுகிட்டயே கேட்டாவளாம். சுட்டா படம் அங்கனயே முடிஞ்சிருமேன்னாராம். வெவரமான மனுசன்.

லியோன் எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' இருக்கே, அது 1966. கதை 1862ல, அமெரிக்காக்காரன் உள்நாட்டுச் சண்டையில. பாலத்த டைனமைட்டு வச்சித் தகர்க்காவ. நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்குனதே 1867ல. இது உன் நோட்டுல இருக்கும், தெரியும். அந்தப் பாலம் ஸ்பெயின்ல கட்டுனதுன்னு தெரியுமால? கேமரா ஓடுததுக்கு முன்னாலயே அந்த ஊரு ராணுவ அதிகாரி வெடிய வச்சித் தொலச்சிட்டாரு. மறுபடி கட்டித்தான் எடுத்தாவ. படத்த விட இதுல்லா வேடிக்க.

இதெல்லாம் சில்லறைத் தப்பு. முழுப் பொய் ஒண்ணு இருக்கு, 'மை டார்லிங் க்ளெமன்டைன்'. 1946ல ஃபோர்டு எடுத்தது. டூம்ப்ஸ்டோன் ஊருல ஓ.கே. காரல்ங்குத குதிரத் தொழுவத்துச் சண்ட. அந்தச் சண்டையில சுட்ட வையட் எர்ப்பே தன் வாயால சொன்னாரு, அப்படியே எடுத்தேன்னு ஃபோர்டு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வையட் 1929லயே போய்ச் சேந்தாச்சு. ஆமாவா இல்லையான்னு எழுந்து வந்தா சொல்லப் போறாரு?

கேளு. சண்ட நடந்தது 1881, அக்டோபர் 26. படத்துல 1882. படத்துல வையட்டோட கூட்டாளி டாக் ஹாலிடே அறுவை டாக்டரு, சண்டையிலயே குண்டடி பட்டுச் சாவுதான். நெசத்துல அவன் பல்லு டாக்டரு, 1887ல காசநோயில கெடந்து செத்தான். வையட்டோட தம்பி ஜேம்ஸக் கொன்னதுக்குத்தான் படத்துல பழி வாங்குதாவ. நெசத்துல ஜேம்ஸ் வையட்டுக்கு மூத்தவன், 1926 வரைக்கும் நல்லா இருந்தான். வில்லன் கிழவன் கிளான்டன் சண்டைக்கு ரெண்டு மாசம் முந்தியே வேற எடத்துல சுட்டுக் கொல்லப்பட்டவன். செத்தவனச் சண்டைக்குக் கூட்டியாந்து, இருக்கவனப் பொதைச்சிப்புட்டாவ. மார்ஷலா இருந்தது வையட்டு கூட இல்ல, அவன் அண்ணன் வர்ஜில்.

சண்ட காரலுக்குள்ளயும் நடக்கல. பக்கத்துல, போட்டோ ஸ்டூடியோவ ஒட்டுன காலி மனையில, அரை நிமிசத்துல முடிஞ்சு போச்சு. செத்தது மூணு பேரு. சண்ட எதுல ஆரம்பிச்சுது சொல்லு? ஊருக்குள்ள துப்பாக்கி வச்சிக்கிட்டுத் திரியக் கூடாதுன்னு டூம்ப்ஸ்டோன்ல சட்டம் இருந்துச்சு. மீறுனவங்ககிட்ட அதப் பறிக்கத்தான் வர்ஜில் போனான். டாட்ஜ் சிட்டியில பலகையே அடிச்சு நட்டிருந்தாவ. நீ பாத்த படத்துலயெல்லாம் மளிகைக் கடைக்குப் போறவன் கூட இடுப்புல ரெண்ட மாட்டிக்கிட்டுல்லா போறான்? அத எதுக்குல நோட்டுல எழுதல?

தொப்பி மட்டும் என்ன? புட்ச் கேஸிடி கூட்டாளிங்க நாலு பேரோட ஃபோர்ட் வொர்த்துல 1900ல எடுத்த போட்டோ இருக்கு, தேடிப் பாரு. பயலுவ அஞ்சு பேரும் கோட்டு, உருண்டத் தொப்பி, கடியாரச் சங்கிலி. ரயில் கொள்ளக்காரன்னு எவன் சொல்லுவான்? பேங்குல கடன் குடுக்கவனுவ மாரில்லா இருக்கானுவ!

இப்ப 'தி சர்ச்சர்ஸ்'. 1956, மறுபடி ஃபோர்டு, மறுபடி வெய்ன். கதை டெக்சாஸ்ல. எடுத்ததோ யூட்டா, அரிசோனா எல்லையில மான்யுமென்ட் வேலியில. அந்தச் செவப்புப் பாறத் தூணெல்லாம் டெக்சாஸ்ல எங்கனல இருக்கு? கோமாஞ்சிக்காரனா நடிச்சது அங்கன குடியிருக்க நவாஹோ சனம். அவிய தலைவனா வருதவன் ஹென்றி பிராண்டன், பெர்லின்ல பொறந்த செருமன்காரன். துப்பாக்கி மாடல ஆணி வரைக்கும் பாத்தவன், அந்த மொகத்த எப்படில கோட்ட விட்ட?

நவாஹோக்காரனும் சும்மா இருக்கல, பாத்துக்க. 1964ல ஃபோர்டு 'செயன் ஆட்டம்' எடுத்தாரு. அதுல நவாஹோக்காரனுவதான் செயன்காரனா நடிச்சது. பேசுனதும் சொந்தப் பாஷைதான். மூஞ்சிய இறுக்கமா வச்சிக்கிட்டு, சோகமான எடத்துலயெல்லாம் சொந்தப் பாஷையில பச்ச பச்சையாப் பேசி வச்சிட்டாவ. வெள்ளக்காரன் கண்ணத் தொடச்சிக்கிட்டுப் பாத்த காட்சிக்கெல்லாம் நவாஹோ சனம் விழுந்து விழுந்து சிரிச்சுதாம். என்ன பேசுனாவன்னு என்னக் கேக்காத. உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல.