ஐந்தில் ஒன்றைத் தொடவும்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குடியிருக்கும் இந்தக் கட்டுரையாளருக்குப் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் படிவம் வந்தது. அனுப்பியது மாடிவீட்டுப் பெண், எம்.எஸ்சி. உளவியல், கடைசி ஆண்டு. "அஞ்சே நிமிஷம் அங்கிள். முடிச்சிட்டு உங்க குரூப்ல எல்லாம் போட்டு விடுங்க." விஷயம், ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்வோரின் மன அழுத்தம். அந்த அழுத்தம் படிவத்தைத் திறந்த பிறகுதான் அவருக்கு ஆரம்பித்தது.

கருத்துக்கணிப்பு நடத்தி, புள்ளியியல் போட்டு, ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையை நாலே வரியில் சொல்லிவிடலாம். இதோ சொல்லப் போகிறார். அதற்கு முன் பதினேழாம் கேள்வியை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறார்.

நாலாம் கேள்வி: என் பகுதியின் காற்று எனக்குக் கவலை அளிக்கிறது. முற்றிலும் உடன்படுகிறேன் என்று தொட்டாயிற்று. ஒன்பதாம் கேள்வி: நான் சுவாசிக்கும் காற்றை எண்ணி வருந்துகிறேன். சரி, வருத்தமும்தான். பதினேழு: என் பகுதியின் காற்று எனக்கு நிம்மதி தருகிறது. இருபத்து மூன்று: காற்றைப் பற்றி நான் கவலைப்படாமல் இருப்பதில்லை. இதற்குப் பேனாவும் தாளும் எடுத்து, எதிர்மறைகளை ஒவ்வொன்றாக அடித்துத்தான் விடை காண வேண்டியிருந்தது.

அந்தப் பெண் மேல் தப்பில்லை. 1932-இல் அமெரிக்காவின் ரென்சிஸ் லிக்கர்ட், மனிதர்களின் மனப்பான்மையை ஐந்து கட்டத்துக்குள் அடக்கினார். 1951-இல் லீ குரோன்பாக், ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அளக்க 'ஆல்ஃபா'வைப் பிரபலமாக்கினார். 0.7 வந்தால் பாஸ் என்பது வழக்கம். அதை எட்டச் சுலபமான வழி, ஒரே கேள்விக்குச் சட்டை மாற்றி மாற்றி வரிசையில் நிறுத்துவது. நடுவில் தலைகீழ்க் கேள்வி ஒன்றையும் செருகுவார்கள். படிக்காமல் தொட்டுக்கொண்டே போகிறவர்களைப் பிடிக்கவாம்.

செல்போனில் சரி. இதையே தாளில் எடுத்துக்கொண்டு எண்ணூர் பெரியகுப்பத்துக்குப் போனால் என்ன ஆகும்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடிய ஊர். அங்கே ஓர் ஆயாவிடம் போய், "உங்கள் இரவுத் தூக்கம் தடைபட்டதுண்டா? ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரங்களில்..." என்று இழுத்தால் அவர் கட்டத்துக்குள் நிற்பாரா? அன்றைய ராத்திரியில் ஆரம்பிப்பார். அங்கிருந்து அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் மிதந்துவந்து வலை கறுத்த கதைக்குப் போவார். பிறகு 2017 ஜனவரி: காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரை ஒதுங்கிய எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளியது. அதற்குள் டீ வந்துவிடும். எல்லாம் கேட்ட மாணவி 'சில நேரங்களில்' கட்டத்தில் ஒரு டிக் போடுவாள். மதிப்பெண் 3.

அடுத்த கேள்விக்கு ஆயா, "இன்னாம்மா, இப்பதான சொன்னேன்? திரும்ப மொதல்லேர்ந்தா?" என்பார். சொல்லவும் சொல்வார், பாவம். பதினேழாம் கேள்வி வரும். இங்கத்திய காற்று உங்களுக்கு நிம்மதி தருகிறதா?

"யாரும்மா நீ, கம்பெனி ஆளா?"

அந்தப் பதிலுக்கு லிக்கர்ட் கட்டம் வைக்கவில்லை. இத்தனைக்கும் படிவத்திலேயே உருப்படியான தகவல் அதுதான் என்பது கட்டுரையாளரின் தாழ்மையான கோபம். இந்தக் கரையோரத்தைக் கேள்வி கேட்டு எடுத்துப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. வந்த விடை இதுதான் என்று திரும்பி வந்து சொன்ன ஒருவரை அவர் இன்னும் பார்க்கவில்லை.

சரி, அந்த நாலு வரி. தரவை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஏற்ற வேண்டும். பிறகு ஆண்-பெண், மணமானவர்-ஆகாதவர், கூட்டுக் குடும்பம்-தனிக் குடும்பம் என்று ஜோடி ஜோடியாக, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று யாரும் சந்தேகப்பட்டிருக்க வேண்டியதில்லை, அட்டவணை நிரம்பினால் போதும். டெஸ்ட் தரும் எண் 0.05-க்குக் கீழே இறங்கினால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்ளும் எல்லைக்கோடு, 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எழுதிய புத்தகம் வழியாக நிலைத்துவிட்டது. வித்தியாசமே இல்லாத இடத்தில் இருபது டெஸ்ட் போட்டாலும், சராசரியாக ஒன்று தற்செயலாகவே அந்தக் கோட்டைத் தாண்டும். ஆய்வுக்குத் தலைப்பாவது பெரும்பாலும் அந்த ஒன்று.

இதைக் கிண்டலடிக்கவே 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்களுக்குப் பீட்டில்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். தகப்பனார் வயதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் அறிக்கையில் எழுதியதில், அந்தப் பாட்டுக் கேட்டவர்களின் வயது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்திருந்தது. கேட்டவர்கள் இளைஞர்களாக உணர்ந்தார்கள் என்பதல்ல, பிறந்த தேதிப்படியே இளையவர்கள் ஆகிவிட்டார்கள். புள்ளியியல் அப்படித்தான் சொன்னது.

மாடிவீட்டுப் பெண்ணுக்கு 0.06 வந்ததாம். கைடு ஒன்றும் திட்டவில்லை, "இன்னும் முப்பது பேரைச் சேரும்மா, இறங்கிடும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முப்பது பேருக்கு எங்கே போவது? அவளுடைய அம்மாவின் ஏலச்சீட்டு குரூப்பில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். மீதி எட்டுக்குக் காசிமேட்டுச் சித்தப்பாவிடம் சொல்லியாயிற்று.