அடியும் முடியும்: மணிக்கட்டுக் கருவி வழி மனிதனை அறிதல் – ஓர் ஆய்வு

இயல் 1: முன்னுரை

அறிவுத் தாகத்தால் பிறந்த ஆய்வுகள் உலகில் சொற்பம். யாரோ வாங்கிக் கொடுத்த பொருளை வீணாக்கக் கூடாதே என்று பிறந்தவையே மிகுதி. இந்த ஆய்வு இரண்டாம் வகை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு அனுப்பிய பார்சலில் வேட்டி இருக்கும் என்று நம்பிப் பிரித்தேன். கறுப்பாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. "அப்பா, இனிமே உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கே தெரியும்" என்றான் போனில். அறுபத்து மூன்று ஆண்டுகளாக அது எனக்குத் தெரியாமல் இருந்த செய்தி அன்றுதான் தெரிந்தது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு அடிமுடி தேடுவது புதிதன்று. திருமால் பன்றியாகிச் சிவனின் அடியைத் தேடினார், பிரமன் அன்னமாகி முடியைத் தேடினார், இருவருக்கும் கிட்டவில்லை. முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொல்ல, தாழம்பூ அதற்குச் சாட்சி சொல்லிற்று. அந்தக் குற்றத்துக்காகத் தாழம்பூவைச் சிவபூசையில் சேர்ப்பதில்லை. அதே ஊரில் இப்போது காலை ஐந்து மணிக்கு வீதிக்கு வந்தால் அடி தேடுவோர் நூறு பேரைப் பார்க்கலாம். அவர்கள் குனிந்து பார்ப்பது மண்ணை அன்று, மணிக்கட்டை.

கருதுகோள்: மணிக்கட்டில் கட்டிய கருவி, கட்டியவரை அவரைவிட நன்கு அறியும்.

முதன்மைச் சான்று: கருவி. துணைமைச் சான்று: ஆய்வாளரின் உடம்பு.

ஆய்வுக் களம்: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ஆய்வாளரின் வீடு, ஒரு கல்யாண மண்டபம். கால எல்லை: கருவியின் உத்தரவாதக் காலம்.

இயல் 2: சொல்லாய்வு

'அடி' என்ற சொல்லுக்குப் பாதம், பன்னிரண்டு அங்குலம், செய்யுள் வரி, கீழ்ப்பகுதி, உதை எனப் பல பொருள் உண்டு. இவற்றோடு 'கருவி ஒப்புக்கொண்ட கையசைவு' என்னும் ஆறாவது பொருளையும் இனிவரும் அகராதிகள் சேர்க்க வேண்டும் என்பது இவ்வியலின் கொடை. 'இன்னிக்கு எட்டாயிரம் அடி போட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் நடந்தார் என்று பொருள் கொள்ளக் கூடாது; கருவி அப்படி நம்பியது என்றே கொள்ள வேண்டும்.

'மணிக்கட்டு' என்னும் சொல் இன்னும் வியப்பானது. மணி காட்டும் கருவியைக் கட்டும் இடம் அதுவாகத்தான் இருக்கப்போகிறது என்று, கடிகாரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் முன்னோர் உணர்ந்து பெயரிட்டனர். இதற்குச் சான்று கிடையாது. இவ்வகை முடிவுகளுக்குச் சான்று கேட்கும் வழக்கமும் நம்மிடையே கிடையாது.

இயல் 3: முன்னோடிகள்

உடம்பை ஓயாமல் அளப்பது நேற்று வந்த பித்து அன்று. பதுவை என்றால் நமக்கு அந்தோணியார் நினைவுக்கு வருவார். அதே ஊரில் சாந்தோரியோ என்றொரு மருத்துவர் இருந்தார். தராசுக் கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். எட்டு பவுண்டு உணவும் நீரும் உள்ளே போனால் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக வெளியேறுகிறது என்று கணக்குச் சொல்லி 1614இல் நூல் வெளியிட்டார். முப்பது ஆண்டும் அவருக்குச் சமைத்துப் போட்டவர் யார், அவர் என்ன நினைத்தார் என்பதை ஆய்வுலகம் பதிவு செய்யவில்லை.

நம் பக்கம் சித்த மருத்துவர்கள் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், ஐயம் பார்த்தனர். வாத நாடி அன்னம்போல், கோழிபோல் நடக்கும். பித்த நாடி ஆமைபோல், அட்டைபோல் ஊரும். ஐய நாடி தவளைபோல் தாவும், பாம்புபோல் நெளியும் என்றனர். என் கருவி 72 என்று மட்டும் சொல்கிறது. எழுபத்திரண்டு என்ன, கோழியா, தவளையா என்று கேட்க வழியில்லை.

மணிக்கடை நூல் என்று மற்றொரு முறையும் உண்டு. மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தை நோயாளியின் விரற்கடையாலேயே எண்ணி நோயைக் கணிப்பார்கள். முறை சரியா தவறா என்பது மருத்துவர்களின் வழக்கு. அதில் அளக்கப்படுபவனின் விரலே அளவுகோல் என்பதை மட்டும் இவ்வாய்வாளர் அடிக்கோடிட விரும்புகிறார். அடுத்த இயலில் அளவுகோல் ஜப்பானிலிருந்து வருகிறது.

இயல் 4: பத்தாயிரத்தின் பூர்வீகம்

ஏன் பத்தாயிரம்? நடைப்பயிற்சித் தோழர்கள் பலரிடம் கேட்டேன். 'டாக்டர் சொன்னார்' என்றனர் சிலர். 'விஞ்ஞானம்' என்றார் ஒருவர். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. மக்களுக்கு உடற்பயிற்சி ஆசை வந்தது. மறு ஆண்டே யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிக்கணக்குக் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளவி. பத்தாயிரம் என்பது முதலில் ஒரு சரக்கின் பெயராக வந்தது. பரிசோதனைகள் பின்னால் வந்தன. கடைப் பலகையில் இருந்த எண் உலகத்தின் மனசாட்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மூத்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. இதை என் நடைக் குழுவில் அறிவித்தேன். மீதி 2,500 அடியை இத்தனை நாள் வீணாக நடந்தோமா என்று ஒருவர் நட்டஈடு கேட்கும் குரலில் கேட்டார்.

இயல் 5: கருவி இயங்கும் முறை

கருவியின் அடிவயிற்றில் பச்சை விளக்கு மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் கூடும், திரும்பிவரும் ஒளி குறையும். இந்தக் கூடல் குறைதலை எண்ணி நாடித்துடிப்பு சொல்கிறது. தோலில் மை ஏறியிருந்தால் இந்த விளக்கு தடுமாறும். கை நிறையப் பச்சை குத்திய நம் பாட்டிமார் கட்டினால், பச்சையைப் பச்சை மறைக்கும்.

அடிக்கணக்கு வேறு வித்தை. கருவிக்குக் கால் தெரியாது. கை முன்னும் பின்னும் தாளத்தோடு ஆடினால், கால் நடக்கிறது என்று ஊகிக்கிறது. இவ்வூகத்தைச் சோதிக்க மூன்று பரிசோதனைகள் செய்தேன்.

ஒன்று: பேத்தியைத் தூளியிலிட்டு அரைமணி நேரம் ஆட்டினேன். நாற்காலியைவிட்டு எழவில்லை. கருவி என்னை ஊருக்குப் பாதி தூரம் அனுப்பி வைத்தது. பேத்தி தூங்கவில்லை.

இரண்டு: கிரிவலப் பாதையில் கைகூப்பியபடி சிறிது தூரமும் கைவீசியபடி அதே தூரமும் நடந்தேன். கைகூப்பியபோது கணக்குக் குறைந்தது. பக்தி மிகுந்தால் அடி குறையும் என்பது இதனால் பெறப்படும்.

மூன்று: கருவியை என் துணைவியாரின் கையில் ஒரு நாள் கட்டினேன். மாவு பிசைந்து, துணி அலசி, வாசல் பெருக்கி, மதியம் உட்காருவதற்குள் என் ஒரு வாரத்துச் சாதனையை எட்டிப் பிடித்தார். 'வாழ்த்துகள்' என்று கருவி அதிர்ந்தது. இந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று அவர் கூறியதை அடிக்குறிப்பில் சேர்க்கலாம் என்றிருந்தேன். இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லை.

இயல் 6: தூக்கம் பற்றிய சர்ச்சை

கை அசையாமல், இதயம் நிதானமாக இருந்தால் தூக்கம் என்பது கருவியின் கொள்கை. இக்கொள்கைப்படி, கடனை நினைத்து விட்டத்தை வெறித்துக் கிடப்பவனும் உறங்குபவனே. கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில் தலைமையுரை கேட்டுக்கொண்டிருந்த ஐம்பது நிமிடத்தையும் கருவி 'லேசான உறக்கம்' என்று பதிவு செய்தது. இது கருவியின் பிழையா என்பதை இவ்வாய்வாளர் முடிவு செய்ய விரும்பவில்லை. தலைமை தாங்கியவர் நண்பர்.

முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் 'நல்லா தூங்கினீங்களா?' என்று வீட்டில் கேட்பார்கள். 'ம்' என்போம், முடிந்தது. இப்போது வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடிகிறது. ஒருநாள் நன்றாகத் தூங்கி எழுந்தேன். ஸ்லீப் ஸ்கோர் 58 என்றது. உடனே கண் எரிந்தது, உடம்பு கனத்தது, பகல் முழுக்கக் கொட்டாவி. இந்நோய்க்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். தூக்க எண்ணைத் திருத்தும் கவலையிலேயே தூக்கம் கெடுவதை 'ஆர்த்தோசோம்னியா' என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் அழைத்தனர். ஆய்வகச் சோதனை 'நன்றாகத் தூங்கினீர்' என்று காட்டினாலும் சிலர் கைக்கருவியையே நம்பினார்களாம்.

இயல் 7: வடைச் சமன்பாடு

நடை முடியும் இடத்தில் டீக்கடை இருப்பது இயற்கை விதி. 'முந்நூறு கலோரி எரித்தாயிற்று' என்று வாட்சைக் காட்டிவிட்டு இரண்டு மெதுவடை வாங்குவது குழு வழக்கம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தனர். நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து விழுக்காட்டுக்குள் தேறின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. கடைசிக் கருவியின் பிசகு 93 விழுக்காடு. எரித்த கலோரி ஊகம், உண்ட வடை உண்மை என்பதே இச்சமன்பாடு. குழுவில் யாரும் இதை ரசிக்கவில்லை.

இயல் 8: பயோஹேக்கிங், அல்லது யயாதி மரபு

அளப்பதோடு நில்லாமல் உடம்பைத் திருத்தி எழுதவும் முனைவோர் பயோஹேக்கர் எனப்படுவர். பிரையன் ஜான்சன் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் இதற்காக ஆண்டுக்கு இருபது லட்சம் டாலர் செலவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். 2023இல் தம் பதினேழு வயது மகனின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை வாங்கி ஏற்றிக்கொண்டார். பலன் தெரியவில்லை என்று பிறகு நிறுத்திவிட்டார். மகாபாரதத்து யயாதி, மகன் பூருவின் இளமையையே கடனாக வாங்கி ஆயிரம் ஆண்டு அனுபவித்து, ஆசை தீராது என்று கண்டு திருப்பிக் கொடுத்தான். யயாதிக்கு ஆயிரம் ஆண்டு பிடித்த முடிவுக்கு ஜான்சன் சில மாதத்தில் வந்துவிட்டார். இதுவே அறிவியல் வளர்ச்சி.

நான் மகனிடம் பிளாஸ்மா கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு வேட்டி கேட்டிருக்கிறேன்.

இயல் 9: எதிர்வாதம்

கருவியை முழுப் பொய்யன் என்று தள்ளுவது நேர்மையன்று. தாளம் தப்பிய இதயத்துடிப்பைக் கவனித்து, 'டாக்டரைப் பாருங்கள்' என்று எச்சரிக்கும் கருவிகள் உண்டு. அந்த எச்சரிக்கையைக் கேட்டுப் போனவர்களில் சிலருக்கு உண்மையாகவே கோளாறு இருந்திருக்கிறது. நாற்காலியில் ஊறிக் கிடந்த என்னை எழுப்பித் தெருவுக்கு அனுப்பியதும் இதுதான். குற்றம் கருவியிடம் பாதி என்றால் என்னிடம் மீதி. ஒருநாள் இரவு 11.50க்கு முந்நூறு அடி குறைந்தது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். துணைவியார் எழுந்து வந்தார்.

"ஏங்க, இந்நேரத்துல என்னத்தத் தேடுறீங்க?"

"முந்நூறு அடி."

திருமாலுக்குப் பின் இவ்வூரில் இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். அதற்குமேல் நான் செய்தது பிரமன் வேலை: அவர் படுக்கப் போனதும், நாற்காலியில் அமர்ந்து கையை வீசினேன். கருவி சாட்சி சொல்லிற்று. பத்தாயிரம். திரையில் வாணவேடிக்கை.

இயல் 10: இறுதிக் களப்பணி

பௌர்ணமி இரவில் இருவரும் கிரிவலம் கிளம்பினோம். அடி ஒன்றுக்கு எழுபது சென்டிமீட்டர் என்றால் 14 கிலோமீட்டர் இருபதாயிரம் அடி. இரட்டைச் சாதனை கையெட்டும் தூரத்தில். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், எம லிங்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் நான் மணிக்கட்டைத் தரிசித்தேன். துணைவியார் லிங்கத்தைத் தரிசித்தார். மலையின் மேற்குப் பக்கம், அடி அண்ணாமலைக் கோயிலுக்குச் சற்று முன்னால், 9,640ஆம் அடியில் கருவி சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடியது. நான் நின்றுவிட்டேன். இனி நடப்பதற்குச் சாட்சி யார்?

"வாட்ச்தான நின்னுச்சு? கால் இருக்குல்ல, நடங்க" என்றார் துணைவியார். அவர் வெறுங்காலோடு முன்னே போய்க்கொண்டிருந்தார். மீதி வழியை அவர் முதுகைப் பார்த்தபடி நடந்து முடித்தேன்.

மறுநாள் காலை சார்ஜ் ஏறியதும் செயலி எனக்குக் கடிதம் போல ஒரு செய்தி காட்டியது: நேற்றைய இலக்கை நீங்கள் எட்டவில்லை, இன்று இன்னும் கொஞ்சம் முயலுங்கள். படிக்க எழுந்தபோது வலது முழங்கால் வேறொரு அறிக்கை கொடுத்தது. இரண்டில் ஒன்றுதான் பொய்.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்படவில்லை. இயல் 1இல் ஒரு பிழை நேர்ந்துள்ளது. வாசகர்கள் கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்கவும்.

முதன்மைச் சான்று: முழங்கால்.

துணைமைச் சான்று: கருவி, சார்ஜ் இருக்கும்வரை.