பின்வாசல்னு யாருலே சொன்னது?

ஏலே பேராண்டி, அந்த மூஞ்சியைக் கொஞ்சம் தூக்கு. பெர்க்லி இல்லைன்னுட்டான், யுசிஎல்ஏ இல்லைன்னுட்டான். சரி, அதுக்காக வீடே எழவு விழுந்த மாதிரியா கெடக்கணும்? உங்க அம்மா நேத்து வச்ச சாம்பார்ல உப்பே இல்ல. உங்க அப்பா, எங்க மாப்பிள்ளை, பெர்க்லி ஸ்டிக்கர் ஒட்டின கார் முன்னால போனா உடனே லேனை மாத்துதாரு. போன்ல யாராச்சும் "பையன் எந்தக் காலேஜ்?"னு கேட்டா, "சிக்னல் சரியில்லை"ன்னு வச்சிடுதாரு. குப்பர்ட்டினோவுல, அதுவும் ஆப்பிள் கம்பெனிக்குப் பக்கத்துல, சிக்னல் இல்லையாம்! கேக்கிறவன் என்னைப் போல கேனையனா இருந்தா நம்புவான்.

இதெல்லாம் இந்தக் கரிசக்காட்டுக் கிழவனுக்கு என்ன தெரியும்னு பாக்கியா? மாப்பிள்ளை எனக்கு ஐபேடைக் குடுத்து "சீரியல் பாருங்க மாமா"ன்னாரு. சீரியல்ல மாமியா மருமகளுக்கு வெஷம் வைக்கதைப் பாத்துச் சலிச்சுப்போயி, உன் காலேஜ் விவகாரத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். மெமோரியல் பார்க் பெஞ்சுல காலையில வந்து உக்காருத தாத்தாமாருக கிட்டயும் விசாரிச்சேன். அந்தப் பெஞ்சுல கெடைக்காத தகவல் உங்க கூகுள்லயும் கெடைக்காது.

முதல்ல நீ சேந்திருக்கியே டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ், அது யாருன்னு தெரிஞ்சுக்கோ. உங்க அப்பா கும்பிடுத மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் இருக்கே, அதை ஸ்டீவ் ஜாப்ஸ் 1984 ஜனவரி 24-ஆம் தேதி மேடையேத்தி ஊருக்குக் காட்டினது அந்தக் காலேஜுக்குள்ள இருந்த ஃபிளின்ட் அரங்கத்துலதான். கூட்டாளி ஸ்டீவ் வாஸ்னியாக் இருக்காரே, அவரு கொலராடோவுல ஒரு வருசம் படிச்சிட்டு, ஊருக்குத் திரும்பி டி ஆன்சாவுல படிச்சு, அதுக்கப்புறம்தான் பெர்க்லி போனாரு. 1999-ல விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிப் போன முதல் பொம்பளை ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்துல கார்னிங் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சிட்டு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினவுக. அவுக ஆகாசத்துக்கே போயிட்டு வந்தாச்சு. உங்க அம்மாவுக்கு மட்டும் லிவர்மோர் கோயிலுக்குப் போக வெக்கமா இருக்காம்.

மாப்ளை, நீங்களும் கொஞ்சம் காதைக் குடுங்க. கம்யூனிட்டி காலேஜ்னா எஸ்எஸ்எல்சி பெயிலானவன் போற டுட்டோரியல்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக. அங்க நம்மூர்ல காமராசர் பட்டிதொட்டியெல்லாம் பள்ளிக்கூடம் தெறந்துக்கிட்டிருந்த அதே காலத்துல, 1960-ல, இங்க கிளார்க் கெர்னு ஒரு பெரிய மனுசன் முன்ன நின்னு உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டுக் குடுத்தாரு. பள்ளிக்கூடம் முடிக்கதுல மேல இருக்கிற எட்டுல ஒரு பங்குக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, யுசிஎல்ஏ வகையறா. மேல இருக்கிற மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி. படிக்க ஆசைப்பட்டு வார மத்த அத்தனை பேருக்கும் கம்யூனிட்டி காலேஜ். இதோட விட்டிருந்தா அது சாதி அடுக்காப் போயிருக்கும். ஆனா அந்த மனுசங்க, கீழ சேந்தவன் ரெண்டு வருசம் நல்லாப் படிச்சா மூணாம் வருசத்துல மேல வரலாம்னு ஏணியையும் சேத்தே வச்சிட்டாக. இன்னைக்கு இந்த மாநிலத்துல 116 காலேஜ் அந்த வகையில ஓடுது.

இன்னும் ஒண்ணு. புதுசா ரெண்டு பேரைச் சேத்தா, மாறி வர்றவன் ஒருத்தனைச் சேக்கணும்னு கலிபோர்னியா பல்கலைக்கழகம் தனக்குத்தானே ஒரு கணக்கு வச்சிருக்கு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு எடம் பிடிக்கிறவனைத்தான் ஊரு கெட்டிக்காரன்னு சொல்லும். ஆனா அடுத்த ஸ்டாப்புல ஏறுதவனுக்குன்னு கண்டக்டரே மூணுல ஒரு சீட்டை ஒதுக்கி வச்சிருந்தா, துண்டு கைதவறிக் கீழ விழுந்துட்டுதேன்னு எதுக்குலே அழணும்?

காசுக்கணக்கு மாப்பிள்ளைக்குப் பிடிக்கும், அதையும் சொல்லுதேன். கலிபோர்னியாக்காரப் பிள்ளைகளுக்கு கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். முதல் தடவையா முழுநேரமாச் சேர்றவுகளுக்கு ரெண்டு வருசம் அந்தக் காசையும் தள்ளுபடி பண்ணுத காலேஜ் நிறைய. பெர்க்லியில உள்ளூர்ப் பிள்ளைக்கே பீஸு மட்டும் வருசத்துக்கு 14,000 டாலருக்கு மேல. தங்க, திங்க எல்லாம் தனி. கடைசியில குடுக்கிற பட்டத்தாள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நம்மூர்ல பாலிடெக்னிக் டிப்ளமா முடிச்சவன் நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருசத்துல போய் உக்காருதான். அவன் பி.இ. பட்டத்துல "இவன் பின்னால வந்தவன்"னு யாராச்சும் சீல் குத்துதாகளா? நீங்க வேலைக்கு ஆள் எடுக்கும்போது அப்படிக் கேட்டீகளா? கேக்கலேல்ல. அப்புறம் என்னத்துக்குப் பெத்த பிள்ளைகிட்ட மட்டும் இந்த வீராப்பு?

என்னலே பேராண்டி, இளிக்கே? தாத்தா நம்ம கட்சிக்கு வந்தாச்சுன்னு நெனச்சுப்புட்டியோ? இருடா, உனக்கும் வச்சிருக்கேன்.

இந்த நாட்டுல கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ற பிள்ளைகள்ல பெரும்பாலானவுக "நான் நாலு வருசப் பட்டம் வாங்குவேன்"னுதான் சொல்லிக்கிட்டு உள்ள வாராக. மூணுல ஒருத்தர்தான் மாறிப் போறாக. ஆறு வருசத்துக்குள்ள பட்டத்தைக் கையில வாங்குறது ஆறுல ஒருத்தர் கணக்குத்தான். பாதிப் பேரு வேலைக்கும் போயிக்கிட்டுப் படிக்காக, அவுகளை நாம குத்தஞ்சொல்ல முடியாது. உனக்கு அந்தச் சாக்கு இல்ல. உங்க அம்மா தோசையைப் பிச்சு ஊட்டாத குறைதான். அப்போ நீ கெட்டுப்போகணும்னா கொஞ்சம் மெனக்கெடணும். அதுக்கு வழி நான் சொல்லித் தாரேன், எழுதிக்கோ.

முதல் வழி, கவுன்சிலர் மூஞ்சியிலயே முழிக்காதே. கூட்டாளி எந்தப் பாடம் எடுக்கானோ அதையே எடு. எந்த வாத்தியாரு சுளுவா மார்க் போடுதாருன்னு போன்ல நட்சத்திரம் எண்ணிப் பாத்துச் சேரு. 'அசிஸ்ட்'னு அரசாங்கத்தோட இணையதளம் ஒண்ணு இருக்காம், அந்தப் பக்கமே போயிராதே. போனா, ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேக்கிற பாடமும், எதுத்தாப்புல அதுக்கு ஈடா உன் காலேஜ்ல இருக்கிற பாடமும் பத்திரத்துல எல்லை எழுதின மாதிரி தெளிவாப் போட்டிருக்கும். அப்புறம் உனக்குத் தப்புப் பண்ண வாய்ப்பில்லாமப் போயிரும்.

டி ஆன்சா காலாண்டு முறை. கால்குலஸை 1ஏ, 1பி, 1சி, 1டின்னு நாலு கூறு போட்டு வச்சிருக்காக. பெர்க்லி செமஸ்டர் முறை; இங்க ரெண்டு கூறு சேந்தாத்தான் அங்க ஒரு பாடம்னு வரும். நீ ஒரு கூறை முடிச்சிட்டு "கணக்கு முடிஞ்சது"ன்னு மீசையை முறுக்கிக்கிட்டுப் போனா, அவன் "மிச்சம் எங்கப்பா?"ம்பான். மீசையை எறக்கிக்கிட்டுத் திரும்பி வரலாம், ஒரு வருசம் கழிச்சு. கெட்டுப்போறதுக்கு இதைவிடச் சுருக்கு வழி கெடையாது.

கெட்டுப்போற வழி போதும். இனி நல்ல வழி ஒண்ணு சொல்லுதேன், ஆனர்ஸ் புரோகிராம். இந்தப் பேரைக் கேட்டதும் உங்க அம்மா மூஞ்சியில விளக்கெரிஞ்சதைப் பாத்தேன். "கம்யூனிட்டி காலேஜ்"னு மெதுவாச் சொல்லிட்டு "ஆனர்ஸ்"ங்கதை மட்டும் சத்தமாச் சொல்லலாம்ல! அந்தப் பவுசுக்காக மட்டும் சேரணும்னா சேராதே. பாடம் அதே பாடம்தான். ஆனா வகுப்புல ஆள் குறைச்சல், பின் பெஞ்சுல ஒளிய முடியாது. புஸ்தகத்தோட சுருக்கத்தைப் படிச்சிட்டு ஒப்பேத்த முடியாது, மூலத்தையே படிக்கச் சொல்லுவாக. கடைசியில ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணு எழுதணும். சில காலேஜ்ல சாதாரண வகுப்புலயே இருந்துக்கிட்டு, வாத்தியார்கிட்ட ஒப்பந்தம் எழுதிக் கூடுதலா வேலை செஞ்சும் ஆனர்ஸ் கணக்குல சேக்கலாம். எழுதின கட்டுரையைத் தூக்கிக்கிட்டு இர்வைன் பல்கலைக்கழகத்துல இந்தப் பிள்ளைகளுக்குன்னே நடக்கிற ஆராய்ச்சி மாநாட்டுலயும் போய்ப் பேசலாம். பல காலேஜ்ல ஆனர்ஸ் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பாடம் பதிய விடுதாக. கணக்கு வகுப்பு நெறஞ்சுபோச்சுன்னு மூக்கைச் சிந்த வேண்டியதில்ல.

இதெல்லாத்தையும்விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, அதை எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டாக. பதினஞ்சு இருவது பேரு இருக்கிற வகுப்புல வாத்தியாருக்கு உன் பேரு தெரியும். நீ எங்க தடுமாறுதே, எங்க தெளியுதேன்னு தெரியும். தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடுதாசி வேணும்னா, "இவன் நல்ல பையன், நேரத்துக்கு வருவான்"னு எழுதுதவருக்கும், உன் கட்டுரையை வரிவரியா ஞாபகம் வச்சு எழுதுதவருக்கும் உள்ள வித்தியாசம் உனக்கே புரியும். 'நேரத்துக்கு வருவான்'கிறது எங்க ஊரு பால்காரனுக்குக் குடுக்கிற சர்டிபிகேட்.

யுசிஎல்ஏக்காரன் 1985-லேயே இந்த ஆனர்ஸ் காலேஜ்களோட கைகோத்து 'டாப்'புன்னு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கான். ஆனர்ஸை முழுசா முடிச்சிட்டான்னு உன் காலேஜு எழுதிக் குடுத்தா, கலை அறிவியல் பிரிவுல சேர முன்னுரிமை குடுத்துப் பாப்பான். கேட்ட பாடத்துல எடம் இல்லேன்னா இன்னொரு பாடத்துக்கும் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். நல்லாக் கேட்டுக்கோ, முன்னுரிமைதான், உத்தரவாதம் இல்ல. இன்ஜினியரிங்குக்கு இந்தச் சீட்டு செல்லாது. "டாப்புல இருக்கேன்"னு சொல்லிக்கிட்டு இன்ஜினியரிங்குக்கு மனுப்போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.

யுசிஎல்ஏவுல பள்ளிக்கூடம் முடிச்சு நேரா மனுப்போடுதவுகள்ல 100-க்கு 9 பேரு அளவுலதான் எடுக்கான். மாறி வர்றவுகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு எடம் கெடைக்கு. உடனே துள்ளாதே. ரெண்டு வருசம் தாக்குப்பிடிச்சு, 60 செமஸ்டர் யூனிட், உன் காலேஜ் கணக்குல 90 காலாண்டு யூனிட், அதை முடிச்சவன்தான் அந்த வரிசையில வந்தே நிக்கான். சல்லடையில சலிச்சது போக மிஞ்சினவன் கணக்கு அது.

இனி உங்க வீட்டு வேடிக்கைக்கு வாரேன். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். இந்த ஆறு ஊருல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகமும் "நாங்க சொன்ன பாடத்தை, சொன்ன மார்க்கோட முடிச்சா எடம் உறுதி"ன்னு எழுத்துலயே தருது. 'டேக்'னு அதுக்குப் பேரு. ஆறுல ஒண்ணுகிட்டதான் அப்படி வாங்கலாம். அதை வாங்கி வச்சுக்கிட்டே பெர்க்லிக்கும் யுசிஎல்ஏக்கும் தனியா மனுப்போட எந்தத் தடையும் இல்ல. இதை நான் சொன்னதும் உங்க அப்பா கேட்டாரு பாரு ஒரு கேள்வி, "டேவிஸா? அது மாட்டு டாக்டர் காலேஜ்ல?"ன்னு. மாப்ளை, நீங்க குடிச்ச பாலு, படிச்ச படிப்பு எல்லாம் நம்ம ஊரு மாட்டால வந்தது. மாட்டு டாக்டரை எளக்காரம் பேசாதீக.

ஸ்டான்போர்டு, பிரின்ஸ்டன் ஆசையும் இருக்குன்னு உன் கண்ணு சொல்லுது. பிரின்ஸ்டன் 1990-ல மாத்துச் சேர்க்கையை மூடி, 2018-லதான் திரும்பத் தெறந்தான். அதுலயும் உள்ள போறது விரல்விட்டு எண்ணுத ஆளுகதான். போடாதேன்னு சொல்லல, போடு. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளைன்னு ஒண்ணு, கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து மாறிப்போற கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, வசதியில்லாதவுகளாப் பாத்து, வருசத்துக்கு 55,000 டாலர் வரைக்கும் குடுக்கு. உங்க அப்பா சம்பளத்துக்கு அது நமக்கு வராது; ஆனா உன் கூடப் படிக்கிற இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லு. அந்தப் புண்ணியமாச்சும் உனக்குச் சேரட்டும்.

இப்போ தேதியை மட்டும் மனசுல வச்சுக்கோ. ரெண்டாம் வருசம் தொடங்குததும் செப்டம்பர்ல டேக் மனு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பெரிய மனுவை அக்டோபர்ல இருந்து அனுப்பலாம், நவம்பர் கடைசியை ஒட்டிக் கதவு சாத்துவான். ஜனவரியில புது மார்க்கைச் சேத்து அனுப்பணும். இன்னைக்கே போய் ஆனர்ஸ் ஆபீஸ்ல பேரைக் குடு. அப்படியே கவுன்சிலரைப் பாத்து ரெண்டு வருசத்துப் பாடத்தையும் ஒரே தாள்ல எழுதி வாங்கிட்டு வா. நீ மூணாம் வருசத்துல சேர்றப்போ உன் பள்ளிக்கூடத்து மார்க்கைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரன் பாக்கப்போறதில்ல. பழைய பாவத்தையெல்லாம் தலைமுழுகுறதுக்கு இதைவிடப் பெரிய காசி கெடைக்காது.

மாப்ளை, உங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. பிள்ளைக்கு எடம் கெடைக்கிறது அவன் பாடு. அவன் தலை குனியாம அந்தக் காலேஜுக்குப் போயிட்டு வாரது உங்க பாடு. வார ஞாயித்துக்கிழமை லிவர்மோர் கோயில்ல யாராச்சும் "பையன் எங்க படிக்கான்?"னு கேட்டா, சிக்னலைக் குறை சொல்லாம, "டி ஆன்சா"ன்னு வாய் நெறையச் சொல்லுங்க.