ஆறடி தாண்டியவர்களுக்கு ஒரு டூரிங் கையேடு

முதலில் செய்ய வேண்டியது, ஐந்தடி ஆறங்குலத்தோடு வளர்வதை நிறுத்திக்கொள்வது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் வளர்ந்த பையன் முதலில் ஏறுவது கப்சாயில்தான். ஹோண்டா ஈஎக்ஸ்5 1980களிலிருந்து மலேசியாவைச் சுமக்கிறது. பாசார் மாலாமுக்கும் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும், நாலு மூட்டை அரிசியும் ஏற்றும். ஆறடி இரண்டங்குல ஆளை மட்டும் அதற்குப் பிடிக்காது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் வெட்டுக்கிளி மாதிரி வெளியே விரியும். மைன்ஸ் பக்கம் யூ-டர்ன் அடிக்கும்போது ஹேண்டல் வந்து முட்டியில் இடிக்கும்.

ஆகவே பெரிய மோட்டார் வேண்டும். இதை வீட்டில் சொல்லும் முறை முக்கியம். “ஆசையாக இருக்கிறது” என்றால் நடக்காது. “முட்டி வலிக்குதும்மா” என்று ஆரம்பியுங்கள். ஆனால் அம்மா தைலத்தை எடுத்து வருவதற்குள் கடன் பாரத்தை நீட்டிவிட வேண்டும். தைலம் வேலை செய்துவிட்டால் திட்டம் பாழ். பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்கும்தான் என்பதையும் அப்போதே போட்டு உடைத்துவிடுங்கள். முழு பி எடுக்கும் செலவு தனி.

கடைக்குப் போனால் விற்பவர் சீட் உயரத்தைப் பற்றியே பேசுவார். “பாஸ், கால் தரையில் எட்டுதா?” உங்களுக்கு எட்டாத மோட்டார் இன்னும் செய்யப்படவில்லை. சிக்னலில் கால் ஊன்றுவது அரை நிமிடம். ஃபுட்ரெஸ்டில் கால் இருப்பது அரை நாள். கேட்க வேண்டியது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே எவ்வளவு என்பதை. அந்தக் கணக்கை விளம்பரத் தாளில் தேடிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தையல்காரரின் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

விலையை நம்பியும் ஏமாறக் கூடாது. ஹோண்டா கோல்டு விங் 1,833 சிசி, ஆறு சிலிண்டர், வீடு வாங்கும் பணம். சீட் உயரமோ 745 மில்லிமீட்டர்தான். காலை முன்னால் நீட்டலாம் என்று பார்த்தால் அங்கே எஞ்சின் படுத்திருக்கும். பிஎம்டபிள்யூ ஆர்1250 ஜிஎஸ் 850 அல்லது 870 என்று உயர்த்திக் கொடுக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள் கணுக்காலுக்கு முன்னால் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த வெயிலுக்கு இலவசமாகச் சூடும் தரும். சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450-இல் 825-ஐ 845 ஆக்கிக்கொள்ளலாம். நம்ம ஊர்க்காரர்கள் செய்ததில் கொஞ்சம் கால் நீளம் தெரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

வாங்கியாகிவிட்டது, முட்டி இன்னும் வலிக்கிறது. இனிமேல்தான் செலவு. குஷன் கடைக்காரரிடம், “அண்ணே, சீட்டை ரெண்டு இன்ச் ஏத்துங்க” என்பீர்கள். ஏற்றுவார். ஏற்றியதும் ஹேண்டல் தாழ்ந்துபோகும், முதுகு வளையும். ஹேண்டலுக்கு அடியில் ரைசர் வைத்தால் கிளட்ச் கேபிள் எட்டாது. நீளக் கேபிள் போட்டு நிமிர்ந்தால் தலை வின்ட்ஷீல்டுக்கு மேலே போய், காற்று நேராக ஹெல்மெட்டில் அறையும். பெரிய ஷீல்ட் வாங்க வேண்டும். அதையும் வாங்கிய பிறகு பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, “என்னங்க, உங்க முதுகைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல” என்பார். இதற்கு உதிரிப் பாகம் கிடையாது.

பணத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு யோசனை, இதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன்: சீட்டை வெட்டக் கொடுப்பதற்கு முன் கெட்டியான ஸ்பாஞ்சை அடுக்கி, டேப் சுற்றி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும். மெத்தென்ற ஸ்பாஞ்ச் உதவாது; அரை மணியில் அமுங்கி, முட்டி பழைய மடிப்புக்கே திரும்பிவிடும்.

சீட்டை ஏற்றாமல் ஃபுட்ரெஸ்டை இறக்கலாமே என்பார்கள். ஓர் அங்குலம் இறக்கினாலே முட்டி வாழ்த்தும். ஆனால் ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துப் பக்கத்து வளைவுகளில் மோட்டாரைச் சாய்க்கும்போது, இறக்கிய அந்த அங்குலம் தார்ச் சாலையைத் தொட்டுக் கும்பிடும். கியரையும் பிரேக்கையும் கூடவே இறக்க மறந்தால், சும்மா வைத்த கால்விரலே பிரேக் பெடலை அழுத்திக்கொண்டிருக்கும். பின்னால் வரும் லாரிக்காரர் உங்கள் சிவப்பு விளக்கை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வருவார். பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ்காரர்கள் கியர் லீவரை ஒரு பல் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். கழற்றுமுன் பழைய இடத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு. கம்போங் அடிடாஸ் போட்டு ஓட்டினால் லீவருக்கு அடியில் இடம் தாராளம், ஆனால் அந்த ரப்பர் கணுக்காலைக் காக்கும் என்று நம்பாதீர்கள்.

கிராஷ் பாரில் மாட்டும் ஹைவே பெக்கைப் பற்றியும் கேட்பீர்கள். காலை நீட்டிக்கொண்டு ஒரு ராஜா போலப் போகலாம். மழை வந்தால் முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக ராஜாவின் பூட்ஸுக்குள் போகும். பெரிய குறை வேறு: 110 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது, முன்னால் நீட்டிய கால் பின்பிரேக்கைத் தேடி வந்து சேருவதற்குள் அந்த 30 மீட்டர் போயே போய்விடும். நேரான காலியான சாலையில், சில நிமிடம், சரி. கார் தெரிந்ததும் காலை இழுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் ஃபுட்ரெஸ்டில் காலைப் பின்னால் போடுகிறவர்களுக்கும் இதே பாடம். கூடுதலாக மனைவியின் உதையும் உண்டு.

பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை. மிச்சமான காசை டீயாக மாற்ற, முக்கால் மணிக்கொரு முறை நிறுத்துங்கள். இறங்கும்போதுதான் சோதனை. முட்டி மடிந்தபடியே நிற்கும், நீங்கள் நிமிர மாட்டீர்கள், தாப்பா ஆர் அண்ட் ஆரில் கூட வந்த கொன்வாய் முழுக்க உங்களையே பார்க்கும். குனிந்த நிலையிலேயே மோட்டாரைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பாருங்கள். யாராவது ஓர் அங்கிள் கட்டாயம் வருவார்.

“என்ன தம்பி, பங்ச்சரா?”

“லேசா காத்து இறங்குது அங்கிள்.”

அவர் உட்கார்ந்து வால்வில் எச்சில் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் முட்டி நிமிர்ந்துவிடும்.