சீஸில் கறார், மாவில் தாராளம்

சீஸ் வைத்த கிரேக்க ரொட்டியை வீட்டில் செய்யக் கிளம்புகிறவர்கள், கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கவலைப்படுகிறார்கள். மாவு எந்த ரகம், ஈஸ்ட் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை டிகிரி, பிசையும் இயந்திரம் இல்லாமல் சரிவருமா, ஓவனுக்குள் வைக்கத் தனியாகக் கல் வாங்க வேண்டுமா, அந்தக் கல்லுக்கு மாதத் தவணை உண்டா என்று எல்லாக் கேள்வியும் மாவைச் சுற்றியே வரும். சீஸ் என்ற இடத்துக்கு வந்ததும் மட்டும் ‘ஃபிரிட்ஜில் இருப்பது போதும்’ என்று மனசு திடீரென்று துறவு பூண்டுவிடும். என் கட்சி இதற்கு நேர் எதிர். இந்த ரொட்டியில் கறாராக இருக்க வேண்டியது சீஸில்தான். மாவில் எவ்வளவு சோம்பேறித்தனம் காட்டினாலும் குற்றமில்லை. கிரேக்கர்களே அப்படித்தான் செய்துவருகிறார்கள் என்பதற்கு அவர்கள் காவியத்தில் ஒரு சாட்சி இருக்கிறது, ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஒன்று இருக்கிறது, அடுப்படியில் நிறையவே இருக்கிறது.

ஹோமரின் ஒடிஸியில், ஒன்பதாம் காண்டத்தில், பாலிஃபீமஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கன் வருகிறான். வந்த விருந்தாளிகளைப் பிடித்துத் தின்கிறவன். ஆனால் அவனுடைய குகைக்குள் போய்ப் பார்த்தால் எந்தப் பால்பண்ணை மேலாளருக்கும் பொறாமை வரும். முன்னால் பிறந்த குட்டிகள், இடையில் பிறந்தவை, புதிதாகப் பிறந்தவை என்று தனித்தனிப் பட்டிகள். கறந்த பாலில் சரிபாதியை உறையவைத்துப் பின்னல் கூடைகளில் வடியவிடுகிறான். மறுபாதியை இரவுச் சாப்பாட்டுக்குக் குடிக்கவென்று எடுத்து வைக்கிறான். ஆட்களைத் தின்னும்போதும் ஒரு வேளைக்கு இரண்டு பேர்தான், அளவு மீறுவதில்லை. இப்படிப்பட்ட ஒழுங்குக்காரன் வாழ்க்கையில் மாவு என்ற சங்கதியே கிடையாது. அவன் இனத்தார் உழுவதில்லை, விதைப்பதில்லை. ரொட்டி தின்னும் மனிதனைப் போல் அவன் இல்லை என்று, விருந்தாளிகளில் ஒருவனான ஒடிஸியஸே சொல்கிறான். சீஸைக் கூடையில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்ற ஒரு பிடி மாவு இல்லாமல் போனதால்தான் விருந்தாளிகள் மேல் கை வைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு; ஹோமர் அறிஞர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேய்ச்சல்காரன் கறார் பட்டியிலும் பாலிலும் கூடையிலும் இருந்தது என்பதை மட்டும் அவர்களும் மறுக்க முடியாது.

அரக்கனின் சாட்சியம் செல்லாது என்பவர்களுக்கு நீதிபதிகளின் சாட்சியம் இருக்கிறது. ஃபெட்டா என்ற சீஸின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஐரோப்பாவில் ஒரு சொத்து வழக்கின் நீளத்துக்கு வழக்கு நடந்தது. 1996-இல் அது கிரீஸுக்கு மட்டும் உரிய பெயராகப் பதிவானது. 1999-இல் நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்தது. 2002-இல் மறுபடியும் பதிவு. டென்மார்க்கும் ஜெர்மனியும் மறுபடியும் படியேறின. 2005 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஃபெட்டா எல்லோருக்கும் பொதுவான பெயர் என்று வாதாடிய நாடுகளிலேயே, விற்பனைக்கு வந்த டப்பாக்களில் கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டும் அடையாளங்களைப் போட்டிருந்தார்கள். அதை நீதிமன்றம் கவனித்துவிட்டது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்ணப்படும் ஃபெட்டாவில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிரீஸிலேயே தீர்ந்துவிடுகிறது என்ற கணக்கும் தீர்ப்பில் இருக்கிறது. பெயருக்காகச் சண்டை போட்டவர்கள் பல பேர், உட்கார்ந்து தின்றவர்கள் ஒரே நாட்டார். டென்மார்க் அதோடு விடவில்லை. ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யும்போதாவது அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்து, 2022-இல் அதிலும் தோற்றது.

இவ்வளவு சண்டைக்குப் பிறகு நிலைத்த விதிகளைப் பாருங்கள். பாலில் குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பால். மீதி 30 வரை வெள்ளாட்டுப் பால் சேரலாம். பசுவுக்கு இடமே இல்லை. மாசிடோனியா, திரேஸ், எபிரஸ், தெஸ்ஸலி, நடு கிரீஸ், பெலோபொன்னீஸ், லெஸ்போஸ் தீவு ஆகிய பகுதிகளின் பாலாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும். ஈரம் 56 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஈரம் போக மீதியில் கொழுப்பு 43 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சரி, இந்த ஃபெட்டாவை ரொட்டிக்குள் வைக்க மாவை எத்தனை நிமிடம் பிசைய வேண்டும் என்று நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? மூச்சு விடவில்லை. கிரேக்கப் பாட்டிகளிடம் கேட்டால் ‘எவ்வளவு மாவு பிடிக்குமோ அவ்வளவு’ என்பதுதான் பதில். அச்சடித்த சமையல் புத்தகங்களில்கூட மாவுக்கு நேரே அந்த அளவுதான் எழுதியிருக்கும். எடை போடும் கருவி விற்கிறவர்களுக்கு இதைப் போல மனம் நோகும் வாசகம் வேறு இருக்க முடியாது.

மாவில் அவர்கள் காட்டும் தாராளத்துக்கு எபிரஸ் மலைப்பகுதியின் அலெவ்ரோபிதா ஒன்றே போதும். சாகோரி கிராமங்களின் பெருமை அது. மாவு, தண்ணீர், முட்டை ஆகியவற்றைக் கரைத்துச் சூடான தட்டில் மெல்லியதாக ஊற்றி, மேலே ஃபெட்டாவை உதிர்த்து, வெண்ணெய் இட்டுச் சுட்டு எடுக்கிறார்கள். பிசைவது இல்லை, பொங்கவைப்பது இல்லை, உருட்டுவதும் இல்லை. காகிதம்போல மாவை இழுத்துத் தேய்க்க நேரமில்லாத நாளில் செய்வது என்று அந்த ஊர்க்காரர்களே வெட்கமில்லாமல் சொல்கிறார்கள். அடுத்தது திரோப்சோமோ. ரொட்டிக்குப் பிசைந்த மாவிலேயே ஒரு பங்கை எடுத்து, சீஸை உள்ளே வைத்தோ கலந்தோ சுடுவது. அதற்கென்று தனி மாவு கிடையாது. பெய்நிர்லி வேறொரு கதை. கருங்கடல் ஓரத்துக் கிரேக்கர்கள், 1923-இன் கட்டாய மக்கள் பரிமாற்றத்தில் பெட்டியும் படுக்கையுமாகக் கிரீஸுக்கு வந்தபோது உடன் கொண்டுவந்த தோணி வடிவ ரொட்டி. ஏதென்ஸுக்கு வடக்கே திரோசியா என்ற புறநகரே இன்று அதற்குப் பெயர் போனது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாவு ஒன்றில் கரைசல், ஒன்றில் மிச்சம், ஒன்றில் தோணி. மூன்றையும் ஒரே குடும்பம் என்று சொல்லவைப்பது உள்ளே இருக்கும் சீஸ்தான்.

வீட்டில் இந்த ரொட்டி கெட்டுப்போவதும் பெரும்பாலும் சீஸால்தான். பழி மட்டும் ஈஸ்ட் மேல் விழும். ஃபெட்டா உப்பு நீரில் வளர்ந்த பிள்ளை. எடையில் பாதி தண்ணீர். அதை அப்படியே உதிர்த்து மாவுக்குள் வைத்தால், சூடு ஏற ஏற அந்தத் தண்ணீர் கீழே இறங்கி, அடி மாவை வேகவிடாமல் கொழகொழவென்று ஆக்கிவிடும். மேலே பொன்னிறமும் கீழே பசையுமாக வெளிவரும் ரொட்டியைப் பார்த்து ‘மாவு சரியாகப் பொங்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த முறை ஈஸ்ட்டைக் கூட்டுகிறோம். ஈஸ்ட் பாவம், வாயில்லாப் பூச்சி. செய்ய வேண்டியது ஃபெட்டாவை உதிர்த்து வடிகட்டியில் ஒரு மணி நேரம் கிடத்துவது. உப்பு அதிகமென்றால் அதற்கு முன் நல்ல தண்ணீரில் கொஞ்சம் ஊறவைப்பது. பிறகு ஒரு முட்டை, அல்லது ஒரு கரண்டி ரவை. முட்டை சூட்டில் இறுகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரவை அதை உறிஞ்சிக்கொள்ளும். கிரேக்கர்களும் சீஸ் பூரணத்தில் ரவை சேர்ப்பதுண்டு என்பதால், இதில் நம்மூர் உப்புமா வாடை வருகிறது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். உப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை: பூரணத்தில் தனியாக உப்புப் போடுகிறவர்களைக் கடவுள் காப்பாற்றட்டும்.

‘பிய்த்தால் நூல் நூலாக வரவில்லையே’ என்பது அடிக்கடி வரும் ஆட்சேபணை. பீட்சா விளம்பரங்கள் ஒரு தலைமுறையையே கெடுத்து வைத்திருக்கின்றன. சீஸ் என்றால் தட்டிலிருந்து வாய்வரைக்கும் தொட்டில் கட்ட வேண்டும் என்று நம்புகிறோம். ஃபெட்டா அப்படி இழுபடாது. அதில் புளிப்பு அதிகம். புளிப்பு ஏறும்போது பாலின் கால்சியம் கரைந்து வெளியேறிவிடும், பிறகு புரதத்தைப் பிணைத்து இழையாக இழுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. மென்மையாகும், ஓரம் சிவக்கும், ஆனால் ஓடாது. அடைத்த ரொட்டிக்கு இது குறையே இல்லை, பெரிய தகுதி. உருகி ஓடுகிற சீஸை உள்ளே வைத்தால், மாவில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து வெளியேறி, தட்டில் கருகி, தேய்க்கிறவர் பொறுமையைச் சோதிக்கும். நூல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பெய்நிர்லி செய்யட்டும். அதில் பெரும்பாலும் கஸெரி போன்ற உருகும் சீஸ்தான். மேலே திறந்த தோணி என்பதால் ஓடிப்போக வழியும் கிடையாது.

படித்தவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபணை இன்னும் கனமானது. பழைய காலத்து ஆட்கள் அளவே பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம், ரோமானியர் கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். லீபும் என்ற பலிப் பண்டத்துக்கு அவர் அளவு தருகிறார்: இரண்டு பவுண்டு சீஸ், ஒரு பவுண்டு மாவு, ஒரு முட்டை, இலை மேல் வைத்துச் சூடான அடுப்பில் மண்சட்டியால் மூடி மெதுவாகச் சுட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு யாருக்குச் சாதகம்? மாவைப் போல இரண்டு மடங்கு சீஸ்! முதல் வேலையாகச் சீஸை உரலில் போட்டு நன்றாக இடிக்கச் சொல்கிறார். மாவைப் பற்றிப் பேச வரும்போது, மென்மையாக வேண்டுமென்றால் அரை பவுண்டு மெல்லிய மாவு போதும் என்று பாதியைத் தள்ளுபடியும் செய்கிறார். எதிர்த்தரப்பு கூட்டிவந்த சாட்சி இவ்வளவு தூரம் எனக்கு ஒத்துழைப்பார் என்று நினைக்கவில்லை. மெல்லிய ஃபிலோ மாவுத் தாளை நீட்டி இழுப்பது பெரிய கலைதானே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கலைதான். அதைக் கடையில் உறைந்த நிலையில் விற்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நியாயமான ஒரே ஆட்சேபணை விலை. செம்மறிப் பால் நம் கடைத்தெருவில் கிடைப்பது அரிது. இறக்குமதியான ஃபெட்டா ஒரு துண்டு வாங்கினால் மாதக் கடைசி வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பனீர் போடலாமா? போடலாம், ஆனால் கறார் விதி இங்கேயும் உண்டு. பனீரில் உப்பும் இல்லை, புளிப்பும் போதாது. அப்படியே வைத்தால் ரொட்டிக்குள் சுவரொட்டிப் பசை வைத்த மாதிரி இருக்கும். புளித்த தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, அந்தக் கெட்டித் தயிரையும் உப்பையும் உதிர்த்த பனீரோடு பிசைய வேண்டும். இதை ஃபெட்டா என்று சொன்னால் டென்மார்க்குக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஆனால் கிரீட் தீவின் மிஸித்ராவுக்கு இது கொஞ்சம் கிட்டே வரும். அது சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் கொஞ்சம் பால் சேர்த்துச் சூட்டில் திரளவைக்கும் இளம் சீஸ். பனீரும் சூட்டில் திரள்வதுதான் என்பதால் இரண்டுக்கும் தூரத்துச் சொந்தத்தின் ஜாடை உண்டு.

மிஸித்ரா என்றதும் கிரீட்டின் தென்மேற்கே ஸ்ஃபாக்கியா. செங்குத்து மலை, ஆடு, தேன், பிடிவாதம் இவைதான் அந்தப் பகுதியின் விளைச்சல். அங்கே செய்யும் ஸ்ஃபாக்கியா பிதாவுக்கு ஓவன் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம். மாவில் தண்ணீர், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், ஒரு சிறு கிண்ணம் உள்ளூர்ச் சாராயம் சேர்த்துப் பிசைகிறார்கள். சாராயம் மாவை முறுக்கேறவிடாமல் இளக்கி வைக்கும். மிச்சம் பிசைகிறவரையும் இளக்கி வைக்கும் என்று ஊகிக்கிறேன். மாவில் ஓர் உருண்டை, சீஸில் ஏறத்தாழ அதே அளவு உருண்டை. இதை உள்ளே வைத்து மூடி, தட்டு அகலத்துக்குத் தேய்த்து, தோசைக்கல் மாதிரியான வாணலியில் இரு பக்கமும் சுட்டு எடுக்கிறார்கள். பருப்புப் போளி தட்டத் தெரிந்த கை இதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பூரணம் இனிப்புக்குப் பதில் உப்பும் புளிப்பும், அவ்வளவே. தேய்க்கும்போது அங்கங்கே மாவு கிழிந்து சீஸ் எட்டிப் பார்க்கும். கல்லில் பட்ட அந்த இடங்கள் சிவந்து முறுகும், அவற்றை ஸ்ஃபாக்கியாவில் யாரும் பழுதாக நினைப்பதில்லை. அப்படியும் விருந்தாளி முன்னால் மானம் போகிறதே என்று தவிப்பவர்களுக்கு, அந்த ஊர் வழக்கப்படி தைம் பூத்தேனைச் சுடச்சுட அதன் மேல் தாராளமாக ஊற்றும் ஏற்பாடு இருக்கிறது. தட்டு மேசைக்கு வருவதற்குள் எல்லாக் கிழிசலும் மறைந்துவிடும்.