மூன்றாம் நாள் எறும்பு

'குடியை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள்' என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், மேஜை நிறையக் கடிதம். ஒன்றில்கூடப் பெயர் இல்லை, பெரும்பாலும் ஊர் மட்டும்தான். பாதிப் பேர் 'என் நண்பருக்காகக் கேட்கிறேன்' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நண்பர்கள் நலமாக இருக்கட்டும்.

பெயர் வேண்டாம், திண்டிவனம்: காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறது. இல்லையென்றால் டீ கிளாஸ்கூடப் பிடிக்க முடியவில்லை. நரம்புத் தளர்ச்சியா?

தளர்ச்சி இல்லை, முறுக்கு. ஆடி மாதம் அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே குடியிருப்பவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். திடீரென்று கரண்ட் போனால் பாட்டு நின்றுவிடும், கத்தல் நிற்காது. உங்கள் மூளையை சரக்கு வருஷக்கணக்கில் அமுக்கி வைத்திருக்கிறது. அதை மீறி வேலை பார்க்க மூளையும் குரலை உயர்த்திக்கொண்டது. இரவு போட்டது காலையில் இறங்கியதும் மிச்சமிருப்பது அந்தக் கத்தல்தான்: நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. காலைக் கட்டிங் என்பது மறுபடி ஸ்பீக்கர் போடுவது.

நண்பருக்காக, கோவை: அவர் பீர் மட்டும்தான் சாப்பிடுவார். அதற்குமா இதெல்லாம்?

கணக்குப் போடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் சுமார் 61 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் சுமார் 41 கிராம். ஒன்றரை பீர் ஒரு குவார்ட்டர். 'மட்டும்' என்ற சொல்லை நண்பர் வாபஸ் வாங்கலாம்.

ஒரு மனைவி, விழுப்புரம்: குடியை மறக்கடிக்கும் மாத்திரையைத் தூளாக்கி, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது அநேகமாக டைசல்ஃபிராம். ரப்பரைப் பதப்படுத்தும் சரக்கு அது. ரப்பர் ஆலைத் தொழிலாளிகள் குடித்தபோது முகம் சிவந்து அவதிப்பட்டது முதல் தடயம். 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், குடல் புழுவுக்கு ஆகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் குடித்ததும் உடம்பு படுத்திவிட்டது. அப்படிப் பிறந்த மருந்து.

இது ஆசையை மறக்கடிப்பதில்லை. குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவு என்று தண்டிக்கும், அவ்வளவுதான். விஷயம் தெரிந்து, சம்மதித்து, குடியை நிறுத்திய பிறகு, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடவேண்டியது. தெரியாதவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சாம்பாரில் போடவேண்டியது பெருங்காயம்.

மாலை போடப்போகிறவர், தேனி: கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் அன்றோடு நிறுத்திவிடுவேன். வருஷா வருஷம் 48 நாள் தொடுவதில்லை. எனக்கு எதற்கு டாக்டர்?

சாமி சரணம். கண்டம் 48-ஆம் நாளில் இல்லை, இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் இருக்கிறது. குடிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மூளையின் கோபம் ஏறிக்கொண்டே போகும். போன வருஷம் வெறும் நடுக்கம் என்றால் இந்த வருஷம் வலிப்பாகலாம். குருசாமியைப் பார்க்கும் முன் டாக்டரைப் பாருங்கள். ஐயப்பன் மாத்திரைக்குக் கோபிக்கமாட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் பற்றிக் கேட்க நினைத்தேன். வேண்டாம், மாலை போடப்போகிறீர்கள்.

ஒரு மகள், தஞ்சாவூர்: பஸ் டிரைவரான அப்பாவுக்குக் கால் முறிந்து ஆபரேஷன். மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் எறும்பு என்று பொறுக்க ஆரம்பித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கியர் போட்டார். 'காத்து கருப்பு' என்கிறாள் அத்தை.

காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. இது குடி நின்றதால் வரும் ஜன்னி. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் பெயர் வைத்தார். கடைசி மிடறு இறங்கி ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-இலிருந்து 96 மணி நேரத்துக்குள் ஜன்னி: காய்ச்சல், வியர்வை, ஆள் தெரியாமை, இல்லாத பூச்சி. செய்த தொழிலைக் கையும் காலும் செய்துகாட்டுவதும் இதன் குணம்தான். டெய்லர் காற்றில் தைப்பார், டிரைவர் கியர் போடுவார்.

எல்லோருக்கும் வருவதில்லை, நூற்றில் ஐந்து பேருக்கு வந்தால் அதிகம். ஆனால் ஒருகாலத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒருவரைக்கூடக் கொண்டுபோயிருக்கிறது. இன்று சரியான சிகிச்சை கிடைத்தால் அதுவும் நூற்றில் ஐந்துக்குக் கீழ்.

அட்மிஷன் போடும்போது 'குடிப்பழக்கம் உண்டா?' என்று நர்ஸ் கேட்டிருப்பார். அம்மா தலை குனிந்து 'எப்பவாவது' என்றிருப்பார். அந்த ஒரு சொல்தான் மூன்றாம் நாள் எறும்பாக ஊர்கிறது. இப்போதே டியூட்டி டாக்டரிடம் போய் மூன்றைச் சொல்லுங்கள்: தினம் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது. மானம் பிறகு வரும். அப்பா முதலில் வரட்டும்.

நண்பருக்காக, கும்பகோணம்: இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடாதா?

பந்தியில் இலை போடாமல் ரசம் ஊற்றுவார்களா? நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வறண்டிருக்கும். குளுக்கோஸைச் செலவழிக்க அது வேண்டும். இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் காலி. கண் ஒருபக்கம், கால் ஒருபக்கம், புத்தி ஒருபக்கம் போகும். கார்ல் வெர்னிக்கே 1881-இல் எழுதிவைத்த நோய் இது. விட்டுவிட்டால் ஞாபகசக்தி திரும்பாது. எனவே பி1 ஊசி முதலில், அல்லது கூடவே. நாம் மாட்டுக்குப் போட்ட தவிட்டில் இருந்த சத்து இப்போது ஊசியில் வருகிறது.

பெயர் வேண்டாம், ராமநாதபுரம்: எலுமிச்சை, மோர், தேன்?

தாகத்துக்கு நல்லது. வலிப்பு வந்தால் மோரோடு நிற்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நண்பருக்காக, சேலம்: பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தியபோது டாக்டர் எழுதிய மாத்திரை பாதி மீதி இருக்கிறதாம். அதையே போட்டுக்கொள்ளலாமா?

அது அநேகமாக குளோர்டயசிபாக்சைடு. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்தது, 1960-இல் லிப்ரியம் என்று கடைக்கு வந்தது. கத்துகிற மூளையைத் தட்டிக்கொடுத்து, அளவைத் தினம் குறைத்து, ஏழெட்டு நாளில் நிறுத்தவேண்டிய மருந்து. ஈரல் கெட்டிருந்தால் வேறு மாத்திரை. மருந்து தனியாக நடுக்கத்தை நிறுத்தும். சரக்கோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்தும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கக் காப்பிப்பொடி இருக்கிறதே!

ஒருவர், கரூர்: 2020 ஊரடங்கில் கடை மூடியபோது எல்லோரும் நிறுத்தவில்லையா?

நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டார்கள். கேரளத்தில் தற்கொலைகள் நடந்து, டாக்டர் சீட்டோடு மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழ்நாட்டில் ஷேவிங் லோஷனைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு.

ஒரு தம்பி, வேலூர்: அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வீட்டிலேயே நிறுத்தமுடியாதா?

முடியும், அண்ணன் சாதுவான கேஸாக இருந்தால். முன்பு வலிப்போ ஜன்னியோ வந்ததில்லை, இதயம் ஈரல் சரி, குடிக்காத ஒருவர் இரவும் பகலும் கூட இருப்பார், டாக்டர் தினம் பார்ப்பார். இதில் ஒன்று குறைந்தாலும் வார்டுதான். டாக்டர் கிடைக்கும்வரை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். (குடியை நிறுத்தாதே என்று எழுதிய ஒரே பத்தி எழுத்தாளன் என்று என்னைத் திட்டலாம்.)

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்காகவே இருக்கிறது. கேட்க இலவச எண் 14446. வலிப்பு, குழப்பம், காய்ச்சல் என்றால் எண் தேடவேண்டாம், 108.

பெயர் இல்லை, ஊர் இல்லை: வயது 27. நாளைக் காலை முதல் நிறுத்தப்போகிறேன். யாருக்கும் சொல்லவில்லை. வாழ்த்துங்கள்.

வாழ்த்து இருக்கட்டும், கூட யார்? நீங்கள் எழுதியிருப்பது கோடு போட்ட தாள். எழுத்து ஒன்றும் கோட்டில் நிற்கவில்லை. 'வாழ்த்துங்கள்' மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. தபால் வந்துசேர மூன்று நாள், அச்சாக இன்னும் ஒரு வாரம். உங்கள் 'நாளை' எப்போதோ போய்விட்டது, தம்பி. இதைப் பார்த்தால் ஒரு கார்டு போடுங்கள். ஒன்றும் எழுதவேண்டாம், என் விலாசம் மட்டும் போதும். கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.